பாடசாலை வீதியில் ஒரு நிமிஷம்

வரைபடத்தில் விரல் வைத்துத் தேடினால் பனிவாடி நாடு அகப்படாது. விரலை எடுத்த பிறகு தாளில் லேசாக ஓர் ஈரம் தெரிந்தால், அதுதான் பனிவாடி.

அந்த நாட்டில் பொழுது விடிவதற்கு முன்பே பனி எழுந்துவிடும். ஏரியிலிருந்து கிளம்பி, படித்துறை ஏறி, பூட்டிய கடைகளைத் தாண்டி, நேராகப் பாடசாலை வீதிக்கு வந்து இடுப்பளவு உயரத்துக்குப் படுத்துக்கொள்ளும். பிள்ளைகள் உள்ளே போய் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எழுந்து போகும். அதுவரை அந்த வீதியில் எதற்கும் கால் கிடையாது. குதிரைகளின் முதுகுகள் மட்டும் மிதந்து வரும். தேர்களின் மேற்கூரைகள் படகுகளைப்போல ஆடி ஆடி வரும். நடந்து வரும் பிள்ளைகளின் தலைகள், யாரோ ஊதிவிட்ட தாமரை மொட்டுகள் மாதிரி, வரிசையாக நகரும்.

மன்னர் சகடவர்மர் தினமும் மேல்மாடத்திலிருந்து இதைப் பார்ப்பார். "ஆகா, கனவு போலிருக்கிறது நம் நாடு!" என்பார்.

மேல்மாடத்திலிருந்து பார்த்தால் சக்கரங்கள் தெரியாது.

பண்மொழிக்குத் தெரியும். அவள் அரண்மனையின் ஆணைவாசகி. மன்னரின் ஆணைகளைப் பாடசாலை வீதி முனையிலுள்ள முரசு மேடையில் ஏறி வாசிப்பது அவள் உத்தியோகம். அந்தக் குரலுக்காகவே எடுத்தார்கள். அவள் கூப்பிட்டால் ஏரியின் அக்கரையில் வலை உலர்த்துகிறவன் திரும்பிப் பார்ப்பான்.

ஆனால் குரல் மட்டும் இருந்தால் அந்த உத்தியோகத்துக்குப் போதாது. பனிவாடியில் ஒவ்வோர் ஆணைக்கும் ஓர் உடம்பு உண்டு, ஒரு வால் உண்டு. 'எவரும் ஏரியில் மீன் பிடிக்கலாகாது' என்பது உடம்பு. 'அரண்மனைச் சமையலுக்குப் பிடிப்பவர்கள் நீங்கலாக' என்பது வால். உடம்பை உரக்க வாசிக்க வேண்டும். வாலை மூச்சு வாங்குகிற சாக்கில் தாழ்த்தி வாசிக்க வேண்டும். பண்மொழி வாசித்தால் உடம்பு அக்கரைக்குக் கேட்கும். வால் அவள் உதட்டைவிட்டு இறங்குவதற்குள் பனி அதைக் குடித்துவிடும்.

"இப்படி வால் வாசிக்க இன்னொருத்தி பிறந்து வரவேண்டும்" என்று திருமந்திர ஓலைநாயகமே சொல்லியிருக்கிறார். ஆணைகளை எழுதுகிறவர் அவர். எத்தனையோ மன்னர்களைப் பார்த்தவர். எந்த மன்னருக்கும் அவரைப் பார்க்காமல் முடிந்ததில்லை.

பண்மொழிக்கு ஒரே பெண், தும்பை. இரண்டாம் வகுப்பு. கணவன் ஏரிப் படகுக்காரன், விடியுமுன் துடுப்போடு போய்விடுவான். ஆகவே தினமும் அந்த வீதியைத் தும்பை தன்னந்தனியாகத்தான் தாண்டவேண்டும். மேடையில் நிற்கிற பண்மொழியின் கண், கையிலிருக்கும் ஓலையைவிட, பனிக்கு மேல் நகரும் அந்தச் சின்னத் தலையின் சிவப்பு ரிப்பன்மேல்தான் இருக்கும். ரிப்பன் பாடசாலை வாசலுக்குள் மறைந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும்.

அன்றைக்கு ரிப்பன் மறைந்துவிட்டது. மூச்சு வந்துவிட்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

பெரிய சத்தமில்லை. ஈரத்துணியைத் துவைகல்லில் ஒருமுறை அடித்த மாதிரி. பிறகு அல்லியின் அலறல்.

அல்லி பாடசாலை வாசலில் பணியாரம் சுட்டு விற்கிறவள். அவள் மகன் கோவன், தும்பையின் வகுப்புத் தோழன். வாசலை மறித்துக்கொண்டு வீதி மந்திரி நெடுநிழலாரின் தேர் நின்றிருந்தது. மந்திரியின் பேரப்பிள்ளை மெத்தையைவிட்டு இறங்க மனமில்லாமல் சிணுங்கிக்கொண்டிருந்தான். கோவனுக்கு வாசலுக்குப் போக வழியில்லை. நின்ற தேரைச் சுற்றிக்கொண்டு நடுவீதிக்கு வந்தான். பின்னால் வேறொரு தேர் வந்துகொண்டிருந்தது.

கால் முறிந்து போயிற்று. முழங்காலுக்குக் கீழே இரண்டாக.

மந்திரியின் சாரதி கடம்பன் பதறிப்போய் இறங்கினான். நல்ல மனிதன்தான். பையனைத் தூக்கியதும் அவன்தான். தூக்கிக்கொண்டே புலம்பினான்.

"ஒரு நிமிஷம்தாம்மா நிறுத்தினேன்! சத்தியமா ஒரே நிமிஷம்! இதோ எடுத்துடறேன்னுதான் நின்னேன்!"

*

ராஜசபை கூடியது.

"துயரமான சம்பவம்" என்றார் நெடுநிழலார். அவர் பேசும்போது கைகளை வயிற்றின்மேல் வைத்துக்கொள்வார், யாரோ அதைத் தூக்கிப்போக வந்த மாதிரி. "யாம் நேரில் விசாரணை நடத்தினோம். தேர் சத்தமிட்டது. குதிரை சத்தமிட்டது. சாரதி சத்தமிட்டான். அந்த வீதியில் சத்தமிடாமல் வந்தது யார்? அந்தப் பையன் ஒருவன்தான்."

சபை திகைத்தது. இத்தனை தெளிவான விசாரணையை அது கண்டதில்லை.

"வாசலில் நின்ற தேர் அகன்றிருந்தால்..." என்று பாடசாலையின் தலைமையாசிரியர் ஆரம்பித்தார்.

"ஆசிரியரே, நின்றுகொண்டிருக்கிற தேர் எப்படி ஐயா மோதும்?" என்று கேட்டார் நெடுநிழலார். தலைமையாசிரியர் உட்கார்ந்தார்.

ஓலைநாயகம் எழுதினார். பண்மொழி மேடையேறி வாசித்தாள்.

"பிள்ளைகளின் பாதுகாப்பை உயிரினும் மேலாய்க் கருதும் நம் மன்னர் ஆணையிடுகிறார்! நாளை முதல் பாடசாலைக்கு வரும் பிள்ளைகள் யாவரும் கழுத்தில் மணி கட்டி வருக!" அப்புறம், மூச்சு வாங்குகிற சாக்கில்: "தேரில் வருபவர்கள் நீங்கலாக."

மறுநாள் பனி முழுக்க மணிகள். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. யாரோ தூக்கத்தில் கொலுசோடு நடக்கிறாற்போல. மன்னர் மேல்மாடத்தில் கண்மூடி ரசித்தார்.

ஒரே ஒரு விஷயத்தைச் சபை யோசிக்கவில்லை. பனிவாடியின் லாயங்களில் கொள்ளு வைக்கிற நேரத்தில் மணி அடிப்பது வழக்கம்.

குதிரைகள் காதைத் தூக்கின. எந்தப் பக்கம் மணி கேட்டதோ அந்தப் பக்கம் திரும்பின. தேர்கள் பிள்ளைகளைத் துரத்த ஆரம்பித்தன. ஒரு சாம்பல் நிறக் குதிரை தன் தேரையும் அதிலிருந்த அரண்மனை அதிகாரியையும் இழுத்துக்கொண்டு இரண்டாம் வகுப்புவரை வந்து, தும்பையின் கழுத்தருகே மூக்கை நீட்டி, ஏமாந்து, பெருமூச்சுவிட்டது.

"அம்மா, அதுக்கு என்மேல கோவம் இல்லம்மா. பசி" என்றாள் தும்பை, சாயங்காலம். பண்மொழி அவள் கழுத்திலிருந்த மணிக்குள் பஞ்சை அடைத்தாள். தான் வாசித்த ஆணையைத் தானே மீறுவது அதுதான் முதல் தடவை.

*

சபை மறுபடி கூடியது. இந்தத் தடவை நெடுநிழலார் உற்சாகமாக இருந்தார்.

"பிள்ளைகள் எங்கே தாண்டுவது என்று தெரியாமல் தாண்டுகிறார்கள். ஆகவே வாசலுக்கு நேரே வெள்ளைக் கோடு போடுவோம். கோட்டைக் கண்டால் தேர் நிற்கவேண்டும். கோட்டின்மேல் பிள்ளைகள் தாண்டவேண்டும்."

அடடே, நல்ல யோசனையாக இருக்கிறதே என்று பண்மொழிக்கே தோன்றிற்று.

"கோட்டை எதனால் போடுவது?" என்று மன்னர் கேட்டார்.

"பச்சரிசி மாவால், மன்னா! வாசலில் மாக்கோலம் இடுவது நம் மரபு. மரபில்லாத பாதுகாப்பு நமக்கெதற்கு?"

சபை கைதட்டியது.

அரண்மனைப் பெண்கள் வந்து, வீதியின் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைவரை பட்டை பட்டையாக மாவு இழுத்தார்கள். பனிக்குக் கீழே பனியைப் போலவே வெள்ளையாக. முதல் தேர் வந்தது. கோட்டருகே வந்ததும் குதிரை நின்றது! நெடுநிழலார் மேடையிலிருந்து கைகளை விரித்தார்.

"பார்த்தீர்களா! நிற்கிறது!"

நின்ற குதிரை குனிந்தது. நாக்கை நீட்டிற்று. மாவை நக்க ஆரம்பித்தது.

இரண்டாவது தேர் வந்தது. அதன் குதிரையும் நின்று குனிந்தது. அப்புறம் மூன்றாவது. அரை நாழிகைக்குள் பனிவாடியின் அத்தனை தேர்களும் கோட்டின்மேல் ஏறி நின்றன. சாட்டையை எடுத்தாலும் நகரவில்லை. பச்சரிசி மாவு அவ்வளவு ருசி. சாரதிகள் ஒருவரையொருவர் பார்த்து, "ஒரு நிமிஷம்ப்பா, குதிரை சாப்பிட்டு முடிச்சதும் எடுத்துடறேன்" என்றார்கள். பிள்ளைகள் கோட்டைத் தேடிச் சக்கரங்களுக்கு நடுவே தவழ்ந்தார்கள்.

"கோட்டில் தேர்கள் நிற்கவேண்டும் என்றோம். நிற்கின்றன. திட்டம் வெற்றி" என்று சபையில் அறிவித்தார் நெடுநிழலார். அவருக்கு ஒரு சால்வை போர்த்தப்பட்டது.

அதற்குப் பிறகு வந்த ஆணைதான் எல்லாவற்றையும் கவிழ்த்தது. நடப்பதால்தானே ஆபத்து? ஆகவே எந்தப் பிள்ளையும் பாடசாலைக்கு நடந்து வரலாகாது, வாகனத்தில்தான் வரவேண்டும்.

கைவண்டி, மாட்டுவண்டி, உப்புவண்டி, தண்ணீர்ப் பீப்பாய் வண்டி, எது அகப்பட்டதோ அதில் பிள்ளைகளை ஏற்றினார்கள். அல்லி, கால் கட்டுப்போட்ட கோவனை விறகுவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தாள். பண்மொழியின் கணவன் ஒருநாள் படகுக்குப் போகாமல் தும்பையைத் தோளில் தூக்கி வந்தான். வீதிக் காவலன் மறித்தான்.

"வாகனம் எங்கே?"

"இதோ, என் தோள்."

"தோளுக்குச் சக்கரம் இருக்கா?"

"முருகன் மயில்ல வர்றார். மயிலுக்குச் சக்கரமா இருக்கு?"

"முருகன் இந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கலியே" என்றான் காவலன். திருப்பி அனுப்பிவிட்டான்.

வீதியில் வண்டிகள் பெருகின. நிறுத்த இடமில்லை. பாடசாலையின் விளையாட்டு மைதானத்தைத் தேர் நிறுத்துமிடம் ஆக்கினார்கள். பிறகு தாழ்வாரம். பிறகு மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு. கரும்பலகையில் யாரோ 'வலப்புறம் திரும்பாதே' என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

"மந்திரியாரே, பிள்ளைகள் எங்கே உட்காருவது?" என்று கேட்டார் தலைமையாசிரியர். மெலிந்து போயிருந்தார்.

"தேரிலேயே உட்காரட்டும். அதைவிடப் பாதுகாப்பான இடம் நாட்டில் ஏது?"

"தேர் இல்லாத பிள்ளைகள்?"

நெடுநிழலார் கண்களை மூடிக்கொண்டார். கருணையோடு யோசிக்கும்போது அவர் அப்படித்தான் செய்வார்.

"அவர்களை நாம் ஆபத்துக்கு உட்படுத்தக்கூடாது. வீட்டிலேயே இருக்கட்டும்."

*

அந்த ஆணையை ஓலைநாயகம் பண்மொழியின் கையில் கொடுத்தபோது மை இன்னும் காயவில்லை.

அவள் மேடையேறினாள். பனி இடுப்புயரம். கீழே தாய்மார்களின் தலைகள். ஓரத்தில் விறகுவண்டியில் கோவன். அல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு, சீருடை போட்டு, சிவப்பு ரிப்பன் கட்டி, தும்பை.

ஓலையைப் பார்த்தாள். உடம்பு இப்படி இருந்தது: 'பிள்ளைகள் யாவரும் பாதுகாப்பாக அமர்ந்து கல்வி பயில்க.' வால் இப்படி இருந்தது: 'சக்கரம் இல்லாதவர்கள் நீங்கலாக.'

உடம்பை வாசித்தாள். கூட்டம் கைதட்டியது. நல்ல ஆணை என்றுதான் நினைத்தார்கள். அவர்கள் எப்போதும் உடம்பை மட்டுமே கேட்டவர்கள்.

மூச்சு வாங்கவேண்டிய இடம் வந்தது.

பண்மொழி மூச்சு வாங்கினாள். அப்புறம் அந்தப் பெரிய குரலை அப்படியே அவிழ்த்துவிட்டாள்.

"சக்கரம் இல்லாதவர்கள் நீங்கலாக!"

பனி அதைக் குடிக்கவில்லை. குடிக்க முடியவில்லை. அக்கரையில் வலை உலர்த்தியவன் திரும்பிப் பார்த்தான். மேல்மாடத்தில் மன்னரின் கிண்ணத்தில் பால் தளும்பிற்று. பனிவாடியின் குடிகள் தங்கள் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு வாலைக் கேட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் அவளுக்கு உத்தியோகம் போய்விட்டது.

"ஏன் அக்கா இப்படிப் பண்ணினே?" என்று தன் வீட்டுத் திண்ணையில் அல்லி கேட்டாள். கேட்டுக்கொண்டே வாழையிலையில் பணியாரம் வைத்தாள். "சாப்பிடு. வேலை போனா வயிறும் போயிடுமா?"

"நெடுநிழலாரை இறக்கணும் அல்லி. வீதி மந்திரி தேர்தல் வருதில்ல?"

அல்லி சிரித்துவிட்டாள். சிரிக்காமல் என்ன செய்வது? பனிவாடியில் தேர்தல் என்பது ஆள் கணக்கில்லை. ஒரு சக்கரத்துக்கு ஒரு வாக்கு. தேர்தலன்று ஏரிக்கரை மைதானத்துக்குத் தேர்களை ஓட்டி வந்து, தங்களுக்கு வேண்டிய வேட்பாளரின் கொடிக்குப் பின்னால் நிறுத்துவார்கள். காவலர்கள் சக்கரங்களை எண்ணுவார்கள். நடந்து வருகிறவர்கள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கலாம், சுண்டல் விற்கலாம்.

"என் விறகுவண்டிக்கு ஒத்தச் சக்கரம். அந்த ஒரு ஓட்ட உனக்கே போடறேன், வெச்சுக்க" என்றாள் அல்லி.

அப்போது உள்ளேயிருந்து ஒரு கிறீச் சத்தம் வந்தது. கட்டு அவிழ்த்த காலோடு கோவன் நடந்து பழகிக்கொண்டிருந்தான். பிடித்துக்கொள்ள ஏதுமில்லாததால், தன் குட்டித் தம்பியின் நடைவண்டியைப் பிடித்து, கூன் போட்டுக் குனிந்து தள்ளிக்கொண்டு வந்தான். தும்பை பின்னாலேயே வந்தாள். "மெதுவாடா, பிரேக் இல்லாத வண்டி அது!"

பண்மொழி பணியாரத்தைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மரச்சட்டம். மூன்று சக்கரம்.

"அல்லி, நம்ம தெருவுல எத்தனை வீட்டுல நடைவண்டி இருக்கும்?"

*

தேர்தலன்றும் பனி இருந்தது.

நெடுநிழலாரின் கொடிக்குப் பின்னால் தேர்கள் நிறைந்து நின்றன. பண்மொழியின் கொடிக்குப் பின்னால் ஒன்றுமில்லை. வெள்ளையாக வெறும் பனி. ஓலைநாயகம் அதைப் பார்த்துத் தலையசைத்தார்.

பிறகு கிறீச்சென்று ஒரு சத்தம். இன்னொன்று. அப்புறம் ஏரிக்கரை முழுக்க, ஆயிரம் தவளைகள் ஒரே பாட்டைப் பாடுகிற மாதிரி, கிறீச் கிறீச் கிறீச். பனிக்குள்ளிருந்து தாய்மார்கள் வந்தார்கள். பரணிலிருந்து இறக்கியது, மாட்டுக்கொட்டகையில் கிடந்தது, சாயம் போனது, புதுச்சாயம் அடித்தது, ஒவ்வொருத்தி கையிலும் ஒரு நடைவண்டி. சிலவற்றைப் பிடித்துக்கொண்டு குழந்தைகளே தத்தக்காப் பித்தக்கா என்று வந்தன.

"இது அவமதிப்பு!" என்று கத்தினார் நெடுநிழலார். "இது வாகனமா? பொம்மை!"

ஓலைநாயகம் சட்டச் சுவடியைப் புரட்டினார். நெடுநேரம் புரட்டினார். "சக்கரத்துக்கு அளவு சொல்லப்படவில்லை, மந்திரியாரே" என்றார். "சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலும்."

"இதில் யார் பயணம் செய்ய முடியும்?"

பண்மொழி வேலியருகே வந்தாள். "பிள்ளையைக் கீழே விழாம கொண்டுபோய்ச் சேர்க்குது மந்திரியாரே. உங்க தேர் ஒருநாளாவது அதைச் செஞ்சிருக்கா?"

எண்ணினார்கள். எண்ணி முடிப்பதற்குள் பனி விலகி வெயில் வந்துவிட்டது. பண்மொழி பனிவாடியின் வீதி மந்திரி ஆனாள்.

அன்றைக்கே ஆணையெழுத உட்கார்ந்தாள். பிள்ளைகளின் கழுத்து மணிகள் கழற்றப்படும். மைதானத்திலிருந்து தேர்கள் வெளியேறும். வெள்ளைக் கோட்டை இனி மாவால் போடலாகாது, சுண்ணாம்பால் போடவேண்டும். கடைசியாக, பனி விலகும்வரை பாடசாலை வீதிக்குள் எந்த வாகனமும் நுழையலாகாது.

ஓலைநாயகம் எழுதிமுடித்து எழுத்தாணியை உயரப் பிடித்தார். "வால்?"

"வால் வேண்டாம்."

"வாலில்லாத ஆணை இந்நாட்டில் செல்லாது அம்மையே. மேலும்..." அவர் குரல் மிகவும் மென்மையாக இருந்தது. "பாடசாலையில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால், வைத்தியர் தேரில் வரவேண்டாமா? ஏரி உடைத்துக்கொண்டால், அதிகாரி போகவேண்டாமா? தாங்கள் கல்நெஞ்சக்காரர் இல்லையே."

நியாயமாகத்தான் பட்டது. பண்மொழி யோசித்தாள்.

"சரி. 'அவசர அரசுப் பணி நீங்கலாக'ன்னு போட்டுக்குங்க. சின்னதா."

"வால் என்றாலே சின்னதுதான்" என்றார் ஓலைநாயகம்.

புதிய ஆணைவாசகன் இளநாகன் நல்ல குரல்காரன். உடம்பை முழங்கினான். வாலை, அவளைப் பார்த்துக் கற்றுக்கொண்டபடியே, பனியில் கரைத்தான்.

அந்த மழைக்காலத்தில் பாடசாலை வீதிக்கு வந்தது ஒரு கனவு. பனியில் பிள்ளைகளின் தலைகள் மட்டும் மிதந்தன. நடுவீதியில் நின்று கதை பேசின. பாண்டி ஆடின, பாதம் தெரியாமலேயே. கோவன் கைத்தடியோடு தத்தித் தத்தி வந்தான்; அவனுக்காகத் தும்பை சுண்ணாம்புக் கோட்டருகே காத்து நின்றாள். அல்லி பணியாரக் கல்லை நடுவீதிக்கே நகர்த்திவிட்டாள். மேல்மாடத்தில் மன்னருக்கு மட்டும் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

எப்போதாவது ஒரு தேர் மெதுவாக வரும். அவசர அரசுப் பணி. பிள்ளைகள் ஒதுங்கி வழிவிடும்.

அப்புறம் இரண்டு மூன்று வந்தன. நாட்டில் அவசரங்கள் கூடிக்கொண்டிருந்தன.

*

அன்று தூறல். சபை சீக்கிரமே கூடுகிறது என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். தும்பை இன்னும் ஒரு தோசையை வைத்துக்கொண்டு அதன் நடுவே ஓட்டை போட்டு உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுந்திருடி! எனக்கு நேரமாச்சு!"

"ரிப்பன் காணோம்மா."

ரிப்பன் கிடைத்தது. அரண்மனைத் தேர் வாசலில் நின்றது. சாரதி கடம்பன்தான், மந்திரி மாறினாலும் சாரதி மாறுவதில்லை. அவன் குடையை விரித்துப் பிடித்தான்.

"பாப்பா நடந்தா நனைஞ்சுடும்மா. போற வழிதானே, இறக்கிவிட்டுட்டுப் போயிடலாம். நாம போறது அரசுப் பணிதானே?"

பண்மொழி வானத்தைப் பார்த்தாள். தும்பையின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள்.

"ஏறு" என்றாள்.

தேர் பனிக்குள் இறங்கிற்று. உள்ளே மெத்தை. ஆட்டமே தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே வீதி, ஏரித் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல நகர்ந்தது. எத்தனை அமைதி என்று பண்மொழி நினைத்தாள். இத்தனை நாளும் தேருக்குள் இப்படித்தான் இருந்திருக்கிறது.

"வாசலுக்கு நேரா நிறுத்தவாம்மா?"

"நிறுத்து. ஒரு நிமிஷம்தான்."

தேர் நின்றது. தும்பைக்கு இறங்க மனமில்லை. மெத்தை சூடாக இருந்தது. "இன்னும் கொஞ்ச நேரம்மா..."

"இறங்குடி, நேரமாச்சு."

ஜன்னலோரத்தில் ஒரு தலை மிதந்து வந்தது. கோவன். வாசலை நோக்கி வந்தவன் தேரைக் கண்டு நின்றான். அண்ணாந்து பார்த்தான். முகம் மலர்ந்தது.

"வணக்கம் மந்திரியம்மா!" என்றான்.

வழியில்லை. ஆகவே தடியை ஊன்றி, நின்ற தேரைச் சுற்றிக்கொண்டு, நடுவீதிக்கு நகர்ந்தான்.

அவன் கழுத்தில் மணியில்லை. அவள்தான் கழற்றச் சொன்னாள்.

பின்னால் பனிக்குள் குளம்புச் சத்தம்.

பண்மொழி ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டினாள். எல்லாக் குரலையும் திரட்டினாள்.

"நில்!"

அக்கரைவரை கேட்டது. குளம்புகள் சறுக்கின. ஒரு குதிரை முன்னங்கால்களைத் தூக்கிக் கனைத்தது. ஏதோ முறிந்தது.

பனியில் ஒன்றும் தெரியவில்லை. பண்மொழி பனிக்கு மேலே அந்தத் தலையைத் தேடினாள்.

அப்புறம் கோவனின் தலை மெல்ல மேலே வந்தது. முகம் வெளுத்திருந்தது. கையில் பாதித் தடி இருந்தது. மற்ற பாதி சக்கரத்துக்கு அடியில்.

தும்பை மறுபக்கக் கதவைத் திறந்து குதித்தாள். அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடிப்போய்த் தன் தோளைக் கோவனின் கைக்குக் கீழே கொடுத்தாள். சிவப்பு ரிப்பனும் அவன் தலையும் சேர்ந்து, தேரைச் சுற்றிக்கொண்டு, வாசலைத் தேடிப் பனிக்குள் போயின.

கடம்பன் பதறிப்போய் இறங்கினான். "பையன் ஒரு சத்தமும் போடலியேம்மா!" என்றான்.

பின்னால் நின்ற தேரின் திரை விலகிற்று. நெடுநிழலார் தலையை நீட்டினார். அவரும் ஏதோ அவசர அரசுப் பணியில்தான் போய்க்கொண்டிருந்தார்.

"யாரம்மா அது?" என்றார். "யார் அது, பிள்ளைகள் தாண்டுகிற இடத்தில் தேரை நிறுத்தியது?"

பனிக்கு மேலே தாய்மார்களின் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பணியாரக் கரண்டியோடு அல்லியின் தலையும். எல்லாரும் பதிலுக்காக நின்றார்கள்.

பண்மொழி மூச்சு வாங்கினாள். வால் வாசிக்கிற குரலில் சொன்னாள்.

"ஒரு நிமிஷம்தான்."

கடம்பன் பழக்கதோஷத்தில் குனிந்து, குதிரை எதையாவது நக்குகிறதா என்று பார்த்தான். இல்லை. குதிரை நிமிர்ந்தே நின்றது. சுண்ணாம்பை எந்தக் குதிரையும் தொடாது.

தேர் கோட்டின்மேல்தான் நின்றிருந்தது.